ஒரு தரம் குத்திய பந்து

ரொறன்ரோவில் எப்போதோ கலைந்துபோன ஒரு பேஸ்போல் கழகத்தை அதன் பழைய விதிகளோடு மறுபடி தொடங்கியவர்கள் நாங்கள் இருவர். மற்றவர் மிசிசாகாவில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணை என்பேன்.

பழைய ஆட்டத்தில் அந்தக் காலத்து உடுப்புத்தான்; கையுறை கிடையாது. அடித்த பந்து நிலத்தில் ஒரு தரம் குத்தி எழும்பும்போது பிடித்தாலும் அடித்தவர் ஆட்டமிழப்பார். நடுவர் சரியாகக் காணவில்லை என்றால் பிடித்தவரையே கேட்க வேண்டும். அவர் சொல்வதே தீர்ப்பு.

இந்தக் கடைசி விதியை விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அண்ணை மறுத்தார்.

"உந்த விதியை எடுத்தா மிச்சம் வெறும் பழைய உடுப்புத்தான்."

அந்த வசனத்துக்காகவே நடுவராக இருக்கச் சம்மதித்தேன். நடுவருக்கு உயரமான கறுப்புத் தொப்பி. ஜூலை வெயிலில் அது ஒரு தண்டனை.

முதல் ஆட்டம் ஸ்ரௌவ்வில் என்ற பக்கத்து ஊர் அணியோடு. கடைசிக் கட்டத்தில் நாங்கள் ஓர் ஓட்டம் முன்னால் இருந்தோம். அவர்களில் இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் வெற்றி. பந்து அண்ணையிடம் போனது. ஒரு தரம் குத்தியதைக் கண்டேன். பிறகு அவர் குனிந்தார், முதுகு மறைத்துவிட்டது.

"எத்தினை தரம் குத்தினது, அண்ணை?"

"ஒருக்கா."

கையை உயர்த்தினேன். ஸ்ரௌவ்வில் தலைவர் வந்து அண்ணைக்குக் கைகொடுத்தார்.

வீடிருக்கும் அஜக்ஸுக்குத் திரும்பும்போது 401 நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்தது. அண்ணை சிரித்தார்.

"ரெண்டு தரம் குத்தினது, ஐசே. நீர் காணேல்லை எண்டு தெரியும்."

"உங்களை நம்பித்தானே கேட்டனான்."

"என்ன, கோயிலில வைச்சோ கேட்டனீர்? விளையாட்டுத்தானே."

"அவையளுக்குச் சொல்லுங்கோ, அண்ணை."

"தொப்பி உமக்குத் தலைக்கேறிட்டுது."

பொய் சொன்னதோடு நின்றிருந்தால் தாங்கியிருப்பேன். அதை என் கையால் தீர்ப்பாக்கியிருந்தார். மறுநாள் நானே ஸ்ரௌவ்வில் தலைவரை அழைத்துச் சொன்னேன். அதைப் பந்தைப் பிடித்தவர்தான் சொல்ல வேண்டும் என்றார் அவர். அண்ணை சொல்லவில்லை.

அடுத்த ஆட்டத்தில் பந்து மறுபடி அவரிடம் போனது. ஓடியவர் குறுக்கே வந்ததால் நான் ஒன்றும் காணவில்லை. அண்ணை பந்தை உயர்த்திப் பிடித்தபடி, நான் கேட்பதற்காக நின்றார்.

நான் கேட்கவில்லை. அடித்தவர் ஆட்டமிழக்கவில்லை, பேஸிலேயே நிற்கலாம் என்று கைகாட்டினேன்.

"ஐசே, இது உண்மையாப் பிடிச்சனான்."

இருக்கலாம். அடுத்த பந்தை வீசச் சொன்னேன்.