இருபத்தேழாம் எண் கூடாரம்

ஓசெல் அக்கா பிறந்ததே வட கரோலினாவில், எங்கள் மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபை மைதானத்தில், ஆகஸ்ட் ஜெப வாரத்தின் நடுவில்தான். இருபத்தேழாம் கூடாரம். கூடாரம் என்பது பெயருக்குத்தான். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய பலகை அறைகள்; ஜெப வாரத்தில் வந்து தங்க, குடும்பத்துக்கு ஒன்று. காலுறை மில்லில் விரல் பக்கத்தைத் தைத்தே நாற்பது வருஷம் ஓட்டினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பாதித்ததைக் கோழிக் குழம்பும் மாவுருண்டையும் சோள ரொட்டியுமாக்கி, ஜெப வாரத்தில் வாசலில் வந்து நின்றவனுக்கெல்லாம் போடுவாள். ஊர் பேர் கேட்கமாட்டாள். வாய் மட்டும் பொல்லாத வாய்.

பக்கத்து இருபத்தெட்டு என்னுடையது. மகள் குடும்பம் வந்தால் காலை நீட்ட இடமிருக்காது. நடுப்பலகையைப் பிடுங்கினால் தீர்ந்தது என்று முப்பது வருஷமாக அந்த அறைமேல் எனக்கு ஒரு கண். மறைப்பானேன்?

எங்கள் சட்டம் இதுதான்: ஜெப வாரத்தில் ஒரு ராத்திரியாவது யாராவது படுத்தெழாத கூடாரம் சபைக்குத் திரும்பிவிடும். பிறகு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகும். அடுத்த பெயர் என் மகளுடையது. இந்த வருஷம் அக்கா இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் சார்பில் வந்து படுக்கச் சொந்தமென்று யாரும் இல்லை.

"நமக்குன்னே அமைஞ்சிருக்கும்மா" என்றாள் மகள். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது.

ஜெப வாரம் முடிகிற சனிக்கிழமை மதியம் ஆராதனை முடிந்ததும், வருஷா வருஷம் வருகிற பத்துப் பன்னிரண்டு பேர் அவள் வாசலில் வந்து நின்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் நகரவில்லை. லாரி ஓட்டுகிற ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

"எம் பொண்டாட்டி செத்த வருஷம் இங்கதாம்மா வாரம் பூரா சாப்பிட்டேன். அழுதா திட்டுவாங்க, திட்டிக்கிட்டே இன்னொரு கரண்டி போடுவாங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"மரம் மாதிரி நிக்காதீங்க, போய் விறகு கொண்டாங்க!" என்று கத்திவிட்டு, அவள் கதவைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தேன். அன்று ராத்திரி அவள் கட்டிலிலேயே படுத்தேன்.

ஞாயிறு காலை சபைப் பொறுப்பாளர் ஹாய்ட் நோட்டோடு வந்தார். "இருபத்தேழு காலிதானே லீடா? உம் மகளுக்கு அதிர்ஷ்டம்!"

"கண்ணைத் தொடச்சிட்டுப் பாருய்யா. ராத்திரி நான் படுத்திருந்தேன். எழுதிக்க."

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சோறு ருசித்தது.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"சமைச்சது யாரு?" என்றாள் அக்கா.

"நான்தான்."

"ஐயோ, ஜனங்க பாவம்."

அப்புறம் போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறாள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"உனக்குப் போன் பண்ணலாம்னு எத்தனை தடவை எடுத்தேன் தெரியுமா லீடா? அந்தக் கூடாரத்து மேல உனக்கு ஆசைன்னு எனக்குத் தெரியாதா? எனக்காக ஒரு ராத்திரி அங்க படுத்துக்கன்னு எப்படிடி உங்கிட்டயே கேப்பேன்?"