அசிட்டோன் துடைத்த குழாயும் நான் போட்ட கையெழுத்தும்

1. ஆறு நீலக் குழாய்கள்

ஆறு டைட்டானியம் குழாய்களை நீளவாக்கில் வெட்டி மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். ஆறும் உள்பக்கம் நீலம். டைட்டானியத்தில் வெல்டிங் வெள்ளிபோலப் பளபளக்க வேண்டும். நீலமென்றால் உலோகம் உருகியபோது உள்ளே ஆக்சிஜன் இருந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஜாயின்டை யாரும் நம்ப மாட்டார்கள், நேரே ஸ்கிராப்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் செய்கிற கம்பெனி அது. நான் ஆக்சிஜன் அனலைசர் விற்கும் இன்னொரு கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். எங்கள் மீட்டரை நம்பித்தான் அவர்கள் வெல்டிங் செய்தார்கள். குழாயின் இரண்டு வாயையும் அடைத்து, ஆக்சிஜனை வெளியே தள்ள உள்ளே ஆர்கான் வாயுவை விடுவார்கள். ஆக்சிஜன் இருபது பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இருபது பங்கு, அதற்கும் கீழே இறங்கியதாக மீட்டர் சொன்ன பிறகுதான் வெல்டர் டார்ச்சை வைக்கலாம்.

மூன்று வெல்டர்கள். ஒரே மீட்டர், ஒரே ஆர்கான். மற்ற இருவரின் குழாய்கள் வெள்ளி. நீலம் எல்லாம் தனசேகருடையவை.

தனசேகர் அண்ணனூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். டைட்டானியம் வெல்டர் கார்டு வாங்க மூன்று முறை டெஸ்ட் எழுதித் தேறியவர். அந்தக் கார்டு போனால் அந்தச் சம்பளமும் போகும், அந்த மாதிரி வேலையும் போகும். இது அன்றைக்கு அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மேடம், மீட்டர் எட்டுன்னு காட்டுச்சி. அப்பறந்தான் டார்ச்ச வெச்சேன். எம் பொண்ணு மேல சத்தியம்" என்றார்.

"சரிப்பா, பார்க்கிறேன்."

"அது பொய் சொல்லுது மேடம். நாலே நிமிசத்துல எறங்கிடுது. அவுங்களுக்கு இருவது நிமிசம் ஆவுது. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு அவ்ளோ சீக்கிரம் எறங்குது?"

எவ்வளவு சரியான கேள்வி! நான் சொன்ன பதிலை இப்போது எழுதவே கூசுகிறது. "உனக்கு ஜிர்கோனியாவைப் பத்தி என்னப்பா தெரியும்?" என்றேன்.

2. மீட்டர் ஓகே

ஜிர்கோனியா சென்சார் ஒரு சின்னப் பீங்கான் குழாய். உள்ளும் வெளியும் பிளாட்டினம் பூச்சு. எழுநூறு டிகிரிக்குச் சூடாக்கினால், இரண்டு பக்கமும் ஆக்சிஜன் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அதற்கேற்ப மில்லிவோல்ட் தரும். இதை நான் காலேஜ் பசங்களுக்குக்கூட வகுப்பெடுத்திருக்கிறேன். அந்தத் திமிர் வேறு.

மீட்டரைச் சரிபார்க்கக் கொண்டுபோன கேலிப்ரேஷன் சிலிண்டரைத் திறந்தேன். அதில் இருப்பது பத்து பிபிஎம். மீட்டர் பத்து என்றது. இன்னொரு சிலிண்டர், நூறு பிபிஎம். மீட்டர் நூற்றொன்று என்றது. லீக் இல்லை, டியூபில் ஓட்டை இல்லை.

புரொடக்‌ஷன் மேனேஜர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மேடம், எனக்கு ஒரே லைன் போதும். மீட்டர் ஓகேவா, இல்லையா?"

"ஓகே சார்."

"அவ்ளோதான். அப்ப கைதான் சரியில்ல."

'கருவி சரியாக இயங்குகிறது' என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடும்போது தனசேகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டூல் பாக்ஸை மூடுவதில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்தேன். வேப்பம்பட்டு வீட்டுக்குப் போக ஐந்தேகால் டிரெயினைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் அவசரம். அடுத்த வாரமே அவருடைய கார்டை ரத்து செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பாவம் என்று நினைத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

3. சானிடைசர்

கொரோனா அடங்கிய புதிது. பூந்தமல்லி பக்கம் ஒரு கேஸ் பிளான்டில் அதே மாடல் மீட்டரை மாட்டிக்கொண்டிருந்தேன். ஆர்கானில் பன்னிரண்டு பிபிஎம் காட்டியது. டியூப் முனை அழுக்காக இருந்ததால் கழற்றி, பையிலிருந்த சானிடைசரில் துணியை நனைத்து உள்ளே ஒரு துடை துடைத்துவிட்டுத் திரும்பச் செருகினேன்.

மீட்டர் ஒன்று என்றது.

அதே சிலிண்டர், அதே வால்வு. அழுக்கைத் துடைத்தால் வாயு சுத்தமாகிவிடுமா என்ன? அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். கால்மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஏறிப் பன்னிரண்டுக்கே வந்து நின்றது. அந்தக் கால்மணி நேரத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

சென்சார் எழுநூறு டிகிரியில் இருக்கிறது. சானிடைசரின் ஆல்கஹால் ஆவி அந்தச் சூட்டில் எரியும். எரிய ஆக்சிஜன் வேண்டும். எரிந்ததுபோக மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத்தான் மீட்டர் காட்டுகிறது. மீட்டரில் கோளாறில்லை. குழாயில் நிஜமாக இருப்பதை அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெல்டர்கள் குழாயைத் துடைப்பது அசிட்டோனில். மறுநாள் ஆபீசில் ஒரு குழாய்க்குள் அசிட்டோன் துணியை விட்டுத் துடைத்துப் பார்த்தேன். எங்கள் மீட்டர் எட்டு காட்டியபோது, சூடாக்காமல் அளக்கும் வேறு வகை மீட்டர் உள்ளே நூற்றுக்கும் மேலே இருப்பதாகக் காட்டியது. கேலிப்ரேஷன் சிலிண்டரில் அசிட்டோன் ஏது? அதனால்தான் அன்றைக்கு எல்லாம் பாஸ்.

அம்பத்தூர் மேனேஜருக்கு போன் செய்தேன். "முடிஞ்சு போன கதை மேடம். இப்ப கிளறினா ஆடிட்ல எனக்குத்தான் வம்பு. அந்த ஆளும் போயாச்சு." மெயில் அனுப்பினேன். பதில் இல்லை.

4. குமணன்சாவடி

தனசேகர் இருக்கும் இடத்தை விசாரித்துக் கண்டுபிடித்தேன். குமணன்சாவடியில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு ஷெட்டில் ஜன்னல் கிரில் பற்றவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதைதான் இன்னும் வலித்தது.

"உட்காருப்பா. நீ குழாயை எப்படித் துடைப்பே?" என்று கேட்டேன்.

"இன்னா மேடம் இப்போ வந்து கேக்குறீங்கோ? துணிய அசிட்டோன்ல நல்லா முக்கி, கம்பில சுத்தி, உள்ள இந்தாண்டயிருந்து அந்தாண்ட வரிக்கும் மூணு வாட்டி. கடேசி வாட்டி கொழா வாய அடைக்கறதுக்கு சித்த முன்னாடி."

"மத்தவங்க?"

"அவுங்க காலைலயே எல்லாத்தையும் ஒரு இழுப்பு இழுத்துட்டு டீ குடிக்கப் போய்டுவாங்கோ."

டீ குடித்து வருவதற்குள் அசிட்டோன் பறந்துவிடும். மீட்டர் உண்மையைச் சொல்லும். ஆக்சிஜன் நிஜமாகவே இறங்கும்வரை இருபது நிமிடம் காத்திருந்து வெல்டிங் செய்வார்கள். தனசேகரின் குழாயிலோ காயாத அசிட்டோன் சென்சாரில் எரிந்து, நாலே நிமிடத்தில் எட்டு என்று காட்டவைத்தது. எல்லாவற்றையும் அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். தப்பு என்னுடையது, என்னை மன்னித்துவிடு என்றும் சொன்னேன்.

அவர் கையுறையைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்: "அப்போ நானும் ஒயுங்கா தொடைக்காம உட்டிருந்தா, கார்டு இருந்திருக்கும். அப்டித்தானே மேடம்?"

"ஆமாம்பா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு முகமூடியைப் போட்டுக்கொண்டு கிரில்லைப் பற்றவைக்கத் தொடங்கினார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். சிலிண்டரை வைத்துச் சோதித்தால் மீட்டர் சரியா என்று மட்டும்தான் தெரியும். குழாய்க்குள் என்ன இருக்கிறது என்பது அதைக் கையாண்டவருக்குத்தான் தெரியும். "இதற்கு முன்னால் என்ன செய்தாய்?" என்று அவரிடம் கேளுங்கள். நான் அன்றைக்கே கேட்டிருந்தால் தனசேகர் அன்றைக்கே சொல்லியிருப்பார்.