ஆம்பளை நின்னா நிக்கிற பஸ்

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். முன்னது பின்னது மறந்தும் போகுது. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நான் அபிராமபுரத்துல ஒரு வீட்டுல சமைக்கிறேன். என் தங்கச்சி நாங்க பொறந்த ஊர்லயே இருக்கா. மெட்ராசிலிருந்து அரை நாள் தூரம். அவளுக்குச் சர்க்கரை, பாதத்துல புண். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாத்திக்கிட்டே இருக்கணும், விட்டா விரலை எடுக்க வேண்டியதுதான்னு டாக்டர் சொல்லிட்டார். அவளை நான் கூட்டிட்டுப் போறேன்னு வீட்டம்மாகிட்ட லீவு கேட்டேன்.

வீட்டம்மா ஊர் பேரைக் கேட்டுப் போன்ல தட்டினாங்க.

"இதோ போட்டிருக்கே! ஜனத்தொகை, ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, பஸ் வசதி உண்டு. ஊருக்குள்ளேயே பஸ் வரதே! அவளே ஏறிப் போயிடலாமே. நம்மாத்துல விசேஷம் வரச்சேதான் உனக்கு லீவு வேணுமா?"

நான் பீன்ஸ் நறுக்கினேன்.

பஸ் உண்டுதான், யாரு இல்லேன்னா? ஆனா பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸுல டிக்கெட் காசு கிடையாதுன்னு ஆனதிலேர்ந்து, வெறும் பொம்பளைங்களா நின்னா அந்த டிரைவர் நிறுத்தறதில்ல. அதுக்காக எங்க ஊர்ல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஒரு ஆம்பளையை ரோட்டோரம் முன்னால நிறுத்திட்டு, பொம்பளைங்க எல்லாம் புளியமரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிப்பாங்க. பஸ் நின்னதும் கூடையும் கையுமா ஓடி வருவாங்க.

"இன்னாங்கம்மா, மரம் குட்டி போட்டுச்சா?"ன்னு கண்டக்டர் கிண்டல் பண்ணுவான்.

முன்னால நின்ன ஆள் ஏறவே மாட்டான். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவான்.

இப்போ நிக்கறதுக்கும் ஆள் இல்ல. போன்ல போட்டிருக்கிற ஆம்பளைங்க பாதிப் பேர் தி.நகர் துணிக்கடையில நிக்கிறாங்க. கணக்குல மட்டும் ஊர்ல இருக்காங்க. மிச்சப் பேர் விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவாங்க. வழக்கமா நின்ன ஒரு கிழவரும் காய்ச்சல்ல படுத்துட்டார். தங்கச்சி பஸ் போறதைப் பார்த்துட்டுப் பார்த்துட்டு, புண்ணுக் காலோட வீட்டுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தா.

லீவு கிடைக்கல. சொல்லாமலே கிளம்பிட்டேன்.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் மரத்தடியில நின்னோம். பஸ் வந்துது. டிரைவர் எங்களை நல்லாப் பார்த்தான். பார்த்துட்டு வேகத்தைக் கூட்டினான். எனக்கு எங்கிருந்து வந்துதோ தெரியல, நடு ரோட்டுல போய் நின்னுட்டேன். பிரேக் போட்டதுல ஒரே புழுதி.

"ஏய் கெழவி! வூட்ல சொல்லிட்டு வந்தியா?"ன்னு கத்தினான்.

"சொல்லாமத்தான் வந்தேன். இவளை ஏத்து."

"பின்னால வேற பஸ் வரும், அதுல வா ஆயா. ஓசிக்கு அவசரத்தப் பாரு."

என் தங்கச்சி சும்மா இருப்பாளா? "உங்க ஆத்தா நின்னாலும் இப்படித்தான் பறப்பியாடா?"ன்னா. உள்ள இருந்தவங்க சிரிச்சாங்க. அவன் வேற பக்கம் பார்த்துக்கிட்டுக் கதவைத் திறந்தான்.

ஆஸ்பத்திரியில கட்டைப் பிரிச்சதும் டாக்டர் முகம் மாறிப்போச்சு. "இத்தனை நாள் ஏம்மா வரல? ஊர்ல பஸ் இல்லையா?"ன்னு திட்டினார்.

அவளோட கால் சுண்டுவிரலை எடுத்துட்டாங்க.

திரும்பி வந்து வேலையில நிக்கிறேன். வீட்டம்மா என்னென்னவோ பேசினாங்க. பேசட்டும். அந்தப் போன்ல இன்னும் "பஸ் வசதி உண்டு"ன்னுதான் இருக்குதாம். அதை யார் எழுதினாங்களோ, எந்த மரத்தடியில நின்னு பார்த்தாங்களோ.

நான் சொன்னதுல நாள் கிழமை ஏதாவது மாறியிருக்கலாம். யாராவது போய்ச் சரிபாருங்க. காலை பஸ்ஸுக்கு அந்தப் புளியமரத்தடியில நிக்கணும். பொம்பளைங்களா போங்க. கூட ஆம்பளையைக் கூட்டிட்டுப் போகாதீங்க.