அட்மின் நீக்கிய வீடியோ

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். ஒரு நாள் எதிர்த் தெரு செல்வி, குழாய்த் தண்ணீரில் புழு நெளிவதை வீடியோ எடுத்துப் போட்டாள். "டேங்க்கைக் கழுவி எத்தினி மாசம் ஆவுது?" என்றும் கேட்டிருந்தாள்.

ஐந்தே நிமிடத்தில் பஞ்சாயத்துத் தலைவரின் மச்சான் போன் செய்தார். "இன்னாபா, ஊர் மானத்த வாங்கிக்கினு கீறா, நீ பாத்துக்கினு கீறியா? அத்த தூக்கு. அவளையும் தூக்கு."

ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் வீடியோவையும் தூக்கினேன், அவளையும் தூக்கினேன். 'குரூப்பில் அரசியல் வேண்டாம்' என்று உபதேசமும் போட்டேன். அதற்கு வந்த கும்பிடு பொம்மைகளைப் பார்த்துப் பூரித்தும் போனேன். த்தூ!

மறுநாள் காலை செல்வி என் வாசலில் நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, கொயந்தைங்களுக்குத் தண்ணிய காய்ச்சிக் குடுங்க. குரூப்புல சொல்ல முடியல, அதான் வூடு வூடா சொல்லிக்கினு வரேன்."

என் வீட்டையும் அவள் விட்டுவிடவில்லை.

அன்றே அவளைத் திரும்பச் சேர்த்தேன். ஆனால் வீடியோ இருந்த இடத்தில், அட்மின் நீக்கியதாக என் பெயரோடு ஒரு வரி எல்லார் போனிலும் நிற்கிறது. அதை அழிக்க மட்டும் எனக்கு அதிகாரம் இல்லை.