அவள் குரல் கொடுத்த சனிக்கிழமை

கார்த்திகை தீபத்துக் கூட்டம் ஊரை விட்டுப் போனதும் எங்கள் கலை மையத்தில் படங்கள் தொடங்கிவிடும். மாசி முடிகிற வரை சனிக்கிழமை தோறும் மாலையில் ஒரு படம். செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில், வேப்பமரத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே திரையைக் கட்டுவோம். எதிரே நாற்காலிகள். குளிர்காலத்துக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் அதில் உட்காருவார்கள். பக்கத்தில் பாய் விரித்திருக்கும். அதில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள்.

படங்கள் ஏதேதோ நாட்டு மொழிகளில் இருக்கும், அடியில் ஆங்கில எழுத்து ஓடும். நாற்காலிக்காரர்கள் அதைப் படித்துக்கொள்வார்கள். பாயில் இருப்பவர்களுக்காக ஒரு சின்ன ஒலிபெருக்கியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, படத்தில் பேசுவதை ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். இதற்குக் 'குரல் கொடுப்பது' என்று பெயர். இரண்டு வருடங்களாக அந்த மைக் என் கையில்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அடி அண்ணாமலையில் நிலமும் மாடுமாக இருக்கிற குடும்பம். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, டவுனில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். படம் வாரத் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடும். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு வாக்கியம் விடாமல் தமிழாக்கி எழுதிக்கொள்வேன். சந்திப்பிழை கூடப் பார்ப்பேன். யாரும் அதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்தும் பார்ப்பேன்.

இந்த வருடம் தை மாதத்தில் பெரியப்பா மகன் கல்யாணத்துக்காக ஒரே ஒரு சனிக்கிழமை செங்கம் போக வேண்டியதாயிற்று. எனக்குப் பதிலாக யாரோ ஒரு பெண் பேசுகிறாள் என்றார்கள். பேசட்டும், ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் ஊர் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாத்யாரே, சனிக்கிழம படம் சூப்பரு. நீ வர்லியா?"

"கல்யாணத்துக்குப் போயிட்டேன்."

"அட, உட்டுட்டியே! அந்தப் பொண்ணு இன்னாமா பேசுது தெரியுமா. வயிறு நோவுது சிரிச்சி."

இரண்டு வருடங்களில் அவர் என்னிடம் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. டீ கசந்தது. சர்க்கரை கம்மி என்று அவரிடம் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அவளைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். டவுனில் ஒரு வங்கியில் வேலை. அப்பா தமிழாசிரியர், அம்மாவும் ஏதோ பள்ளியில் டீச்சர். மையத்தை நடத்தும் அக்கா சென்னையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர்தான் எங்களை அறிமுகம் செய்தார்.

"இனிமே ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் அவங்க. உங்களுக்கும் ரெஸ்ட் கிடைக்கும்ல?"

ரெஸ்ட் வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அன்றைக்கும் அவளே பேசட்டும் என்றார். கையில் ஒரு தாள் இல்லை. மைக்கை வாங்கிக்கொண்டு பாயின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பனி மூடிய ஏதோ ஒரு நாட்டுக் கிழவி திரையில் வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கியில் வந்த குரல் இப்படிப் பேசியது: "இன்னாடா, ஊட்டாண்ட வந்துட்டு உள்ள வராம போற? ஒரு வாய் துன்னுட்டுப் போனா கொறஞ்சா பூடுவ?"

பாய் மொத்தமும் சிரித்தது. என் அம்மாவும்தான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஆங்கிலத்தில் ஓடியது 'உள்ளே வந்து சாப்பிடு' என்பது மட்டும். மீதியெல்லாம் அவள் போட்டது. பல இடங்களில் இரண்டு மூன்று வாக்கியங்களை அப்படியே விட்டாள். படம் முழுக்க அவள் விட்டதையும் சேர்த்ததையுமே கவனித்துக்கொண்டிருந்தேன். கிழவி கடைசியில் செத்தாளா, மகனோடு போனாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

படம் முடிந்ததும் அக்காவிடம் போனேன்.

"சப்டைட்டில்ல இல்லாததெல்லாம் பேசறாங்கக்கா."

"ஆமா, பேசறாங்க." அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "ஆனா பாத்தீங்களா, யாருமே நடுவுல எழுந்து போகல."

நான் குரல் கொடுக்கும் நாட்களில் பாதிப் படத்தில் பாய் காலியாகத் தொடங்கும். பனிக்காகவும் மாடு கன்றுக்காகவும் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். பனி அன்றைக்கும் பெய்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவிடம் கேட்டேன், நான் பேசுவது எப்படி இருக்கும் என்று.

"உனுக்கு இன்னா கண்ணு, நீ நல்லாத்தான் படிக்கிற." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்: "ஆனா நீ பேசறப்போ எல்லாரும் நியூஸ் வாசிக்கிற மாறியே கீறாங்கடா. புருசன் பொஞ்சாதி கூட."

ஆறாம் வகுப்பில் 'கீது' என்று சொன்னதற்காக என்னை பெஞ்சின் மேல் நிற்க வைத்தார்கள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து 'இருக்கிறது' என்று சொல்லிப் பழகினேன், வீட்டில் கூட. "தொர பேசறாரு பாரு" என்று அப்பா கிண்டல் செய்தார். பிறகு விட்டுவிட்டார். அப்படி என் வாயிலிருந்து கழுவி எடுத்த பேச்சை ஒரு தமிழாசிரியர் மகள் மைக்கில் பேசிக் கைதட்டு வாங்குகிறாள்.

அதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பஸ்ல சார். காது குடுத்து உக்காந்தா போதும். வீட்ல பேசிக் காட்டினா அப்பா விழுந்து விழுந்து சிரிப்பாரு." என்னை அவள் எப்போதும் சார் என்றுதான் கூப்பிடுவாள். அதில் கிண்டல் ஜாஸ்தியா மரியாதை ஜாஸ்தியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "உங்களுக்கு ஈசிதானே? உங்க ஊர் பேச்சு."

மைக் ஒயரைச் சுற்றி வைத்தேன்.

சீசனின் கடைசிப் படத்தை மட்டும் மையத்தில் போடுவதில்லை. அடி அண்ணாமலையில், எங்கள் தெருவை ஒட்டிய வெட்டவெளியில் போடுவோம். மையத்துக்கு ஒரு தடவை கூட வராத என் அப்பா அதற்கு வருவதாகச் சொல்லியிருந்தார். முந்தைய இரண்டு வருடமும் அந்த நாளில் அவருக்கு ஏரிக்கரையில் காவல் முறை. ஆக, மைக்கில் என் குரலை அவர் கேட்டதே இல்லை. இந்தக் கடைசிப் படம் யாருக்கு என்பதுதான் மாசி முழுக்க என் கவலை.

அக்கா இரண்டாகப் பிரித்தார். ஆண் குரல் எனக்கு, பெண் குரல் அவளுக்கு. ஒரு அப்பாவும் மகளும் வரும் படம். மகள் வளர்த்த மாட்டை அவளுக்குத் தெரியாமல் அப்பா விற்றுவிடுகிறார். எங்கள் தெரு முன்னால் எனக்குப் பாதி மைக். சரி என்று சொன்னேன். வீட்டில் போய் வழக்கம்போல எழுதினேன்.

அன்றைக்குத் தெருவே வந்திருந்தது. அப்பா பாயில் உட்காராமல் ஓரமாக, மடித்த துண்டின் மேல் உட்கார்ந்திருந்தார். திரையில் மகள் காலிக் கொட்டகையைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறாள். பக்கத்திலிருந்து இவள் கத்தினாள்:

"நைனா! என்னிய ஒரு வார்த்த கேக்காம மாட்ட ஓட்டி உட்டுட்டியா?"

நான் தாளைப் பார்த்துப் படித்தேன்: "நான் செய்ய வேண்டியதைத்தான் செய்தேன், மகளே."

கூட்டம் சிரித்தது. அந்த இடம் சிரிக்கிற இடமே இல்லை. "யாருடா அது, கலெக்டரா?" என்று ஒரு குரல் வந்தது. தலை நிமிராமல் அடுத்த வரியைத் தேடினேன். அவள் விடவில்லை. திரையில் மகள் வாயை மூடிவிட்டாள், இவள் இன்னும் பேசுகிறாள்:

"இன்னா நைனா வாயத் தொறக்க மாட்ற? அது இன்னா உன் மாடா? நானில்ல சாணி அள்னேன்!"

எனக்கு வந்த கோபத்துக்குப் படம் காரணமில்லை. என் தெருவில், என் அப்பா முன்னால், என் பேச்சை என் மேலேயே வீசுகிறாள். தாள் கையில் இருந்தது. வாய் தானாகத் திறந்தது:

"ஏய், சும்மா கெட! சாணி அள்னாளாம் சாணி! உனுக்கு ஃபீஸ் கட்றது யாரு, உன் மாடு வந்து கட்டுமா? பொஸ்தவத்த எடுத்துனு உள்ள போ. மூஞ்சியப் பாரு!"

மொத்தக் கூட்டமும் திரையை விட்டுவிட்டுத் திரும்பி என் அப்பாவைப் பார்த்தது. நான் பிளஸ் டூ படித்தபோது எங்கள் செவலைப் பசுவை விற்ற அன்று தெருவே கேட்க அவர் எனக்குச் சொன்னது, ஏற்ற இறக்கம் மாறாமல் அப்படியே வந்திருந்தது.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பார்ரா, மைக்கு வச்சி என்னியே திட்றான்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மீதிப் படத்தை நான் தாள் இல்லாமல்தான் பேசினேன். யாரும் எழுந்து போகவில்லை.

திரையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். கையில் ஒரு பை, அவித்த வேர்க்கடலை. எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். சூடு இன்னும் ஆறவில்லை. நேராக அவளிடம் போனாள்.

"எம்புள்ளைய நல்லா பேச வச்சிட்ட பாப்பா. ரெண்டு வருசமா நாங்க கேட்டுனுதான் இருந்தோம், ஒண்ணும் வேலைக்கு ஆவல."

"ஐயோ, சார்தாம்மா பின்னிட்டாரு. நான் சும்மா தூண்டி விட்டேன்." சொல்லிக்கொண்டே ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். பையை என் பக்கம் நீட்டினாள். "எடுத்துக்கங்க சார்."

எங்கள் நிலத்து மல்லாட்டை. எங்கள் வீட்டு அடுப்பு.

"வேணாம்" என்றேன்.

"அவன் ஊட்ல துன்னுக்குவான்" என்றாள் அம்மா. "நீ பையோட எடுத்துனு போ."