படிகாரத்துக்கு நிற்காத ரத்தம்

பழனி அடிவாரத்தில் முடி இறக்கும் கொட்டகையில் பதினாறு வருஷம் மொட்டை போட்டவர் வேலப்பன். 1957 தைப்பூசத்துக்கு மறுநாள், கொடைக்கானல் பக்கத்துப் பள்ளங்கியிலிருந்து வந்த வடிவு தன் ஒன்றரை வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளை திமிறியதில் காதுக்குப் பின்னால் கத்தி பட்டுவிட்டது. அரை விரற்கடை நீளம் இருக்கும். வேலப்பன் படிகாரத்தை வைத்து அழுத்தினார். எந்தக் காயமும் அதற்கு நின்றுவிடும். இது நிற்கவில்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்துபோனது.

வடிவின் அப்பா சேனாதிபதி நிலபுலன் உள்ளவர். ஆட்களோடு வந்து, கொட்டகையில் அத்தனை பேர் முன்னாலும் வேலப்பனைச் செருப்பால் அடித்தார். துருப்பிடித்த கத்தியால் பேரனைக் கொன்றுவிட்டான் என்றார். கொட்டகைக்கு மூப்பரான கந்தவேல் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலப்பனை வெளியே அனுப்பினார்.

வேலப்பன் கொடைக்கானலுக்குப் போய் ஒரு சலூனில் வேலைக்குச் சேர்ந்தார். கத்தி பட்டது உண்மை. அதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் துரு என்ற சொல் அவரைத் தின்றது. மனைவி குப்பம்மாள் ஒருமுறை, நடந்ததை விட்டுத்தள்ளச் சொன்னாள். அன்றிலிருந்து மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

1961இல் மதுரையிலிருந்து ஒரு பெண் டாக்டர், ரத்தம் உறையாத குடும்பங்களைத் தேடி ஆராய்ச்சிக்காக மலைக்கு வந்திருந்தார். முடி வெட்டிக்கொள்ள வந்த ஆஸ்பத்திரி ஆள் சொல்லித்தான் வேலப்பனுக்குத் தெரிந்தது. அன்றைக்கே போய், நடந்த எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே, எத்தனை நாள் கசிந்தது, நின்று நின்று வந்ததா என்றெல்லாம் கேட்டார். ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு சத்து சில ஆண்பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே குறைவு, தாய்க்கு ஒன்றும் செய்யாது, ஆனால் தாய்வழியாக மகனுக்கு வரும் என்று விளக்கினார்.

"அந்தக் கொழந்தையோட ரத்தம் இப்ப இல்ல, உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அந்தம்மா கூடப் பொறந்த ஆம்பளைங்க யாராவது இப்படிப் போயிருந்தா, இதுவாத்தான் இருக்கும்."

மறுநாள் வெள்ளனே வேலப்பன் பள்ளங்கிக்கு நடந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பியதால் வடிவு அப்பாவின் பூண்டுக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்த ஆண்பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இரண்டு அண்ணன்கள், சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார்கள் என்றாள்.

பக்கத்தில் களையெடுத்த ராக்காயி, அந்தக் காட்டிலேயே வயதானவள், நிமிர்ந்தாள். "காய்ச்சலா? மூத்தவன் பல்லு விழுந்து அஞ்சு நாளா ரத்தங் கொட்டிச் செத்தான். சின்னவனுக்குக் கல்லுல கால் கிழிஞ்சது, நிக்கவே இல்ல. வெளிய பேசக்கூடாதுன்னு உங்கப்பன் எங்க வாயக் கட்டிட்டாரு."

டாக்டர் சொன்னதை வேலப்பன் விளக்கியதும், வடிவு அப்பாவைத் தேடி வீட்டுக்கு நடந்தாள். வேலப்பனும் பின்னால் போனார். மகன்கள் ரத்தம் நிற்காமல் செத்ததைச் சேனாதிபதி மறுக்கவில்லை. இன்னொரு மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, வாயை மூடிக்கொண்டு போ என்றுதான் வேலப்பனிடம் சொன்னார்.

"நாலு வருசமா கொலகாரன்ற பேரைச் சொமந்துக்கிட்டுக் கெடக்கேன்," என்றார் வேலப்பன். "தெரிஞ்சுக்கிட்டே அடிச்சீங்களா ஐயா?"

வடிவு அப்பாவைப் பார்த்தாள். "எங்கிட்டச் சொல்லியிருந்தா எம்புள்ள தலையில கத்தி படவே விட்டிருக்க மாட்டேன்." பிறகு வேலப்பனிடம் திரும்பினாள். "நான் வாரேன்ணே. எங்க சொல்லணுமோ அங்க சொல்றேன்."

ராக்காயியையும் கூட்டிக்கொண்டு பழனிக்கு வந்து, கொட்டகையில் எல்லார் முன்னாலும் சொன்னாள். கந்தவேல் வேலப்பனின் கையைப் பிடித்து, பழைய இடத்திலேயே உட்காரச் சொன்னார். வேலப்பன் கையை உருவிக்கொண்டார்.

"அன்னைக்கு ஒருத்தராவது எங்கத்திய வாங்கிப் பாத்தீங்களா?"

அடுத்த பஸ்ஸிலேயே அவர் மலையேறிவிட்டார்.

வடிவு தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள்; இருவரும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். தங்கைக்குப் பிறக்கும் மகனுக்கு இது வருமா வராதா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. மகன் பிறந்தால் கத்தியோ ஊசியோ படுமுன் தன்னிடம் சொல்லச் சொன்னார். இது வெளியே தெரிந்ததும் தங்கைக்குப் பேசியிருந்த ஒரு சம்பந்தம் முறிந்தது. தெரிந்தே பெண் கேட்டு வந்த வத்தலக்குண்டுக்காரர் ஒருவருக்கு அவளைக் கொடுத்தார்கள்.

சேனாதிபதியை வேலப்பன் பிறகு பலமுறை கொடைக்கானல் மார்க்கெட்டில் பார்த்தார். செருப்பால் அடித்ததற்கு அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. வேலப்பனும் கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை.