தீச்சட்டிக்கு யாரும் செலவு சொல்வதில்லை

காலை 5.10. மதுரை ஆரப்பாளையத்தில் பேருந்து புறப்பட்டது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பையில் நூறு படிவங்கள், இரண்டு பேனா, தொப்பி, தண்ணீர். ஆண்டிபட்டியில் ஏறியவர்களில் பாதிப்பேர் மஞ்சள் உடுத்தியிருந்தார்கள்.

7.20. தேனியிலிருந்து சின்னமனூர் சாலையில் திருவிழாச் சிறப்புப் பேருந்து, பதினைந்து ரூபாய். இறங்கிய இடம் முல்லையாற்றங்கரை அம்மன் கோவில். ஊர்ப் பெயரை விட்டுவிடுமாறு கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

வருகிறவர்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. இந்தக் கணக்கை எடுக்கச் சொன்னவர் முருகேசன், கடைத்திடலைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். காரணத்தை அவர் மறைக்கவில்லை. "ஆத்தோரமா ஆறு சட்டிக்கடை இருக்குல்ல? அங்கன யாவாரம் ஓடலைன்னா அடுத்த வருசம் அந்த எடத்துல ராட்டினம் போட்டுருவேன். சட்டிக்கடை ரோட்டுக்கு அங்கிட்டுப் போகட்டும்."

முதல் கடை செல்வராணியுடையது. நாற்பது வயதிருக்கும். தீச்சட்டி நூற்றைம்பது ரூபாய். ஆற்றில் முழுகி எழுந்தவர்கள் அங்கேயே சட்டி வாங்கி, அங்கேயே தீ வளர்த்து, கோவிலுக்கு நடக்கிறார்கள்.

"ரோட்டுக்கு அங்கிட்டுப் போனா ஈரத்துணியோட யாரு தாயி வருவாக?" என்றார்.

8 மணி முதல் 11 வரை வெளிவாசலில் நின்று நாற்பது பேரிடம் கேட்டேன்: "இன்று திருவிழாவில் என்னென்ன செலவு செய்தீர்கள்?" ராட்டினம், டெல்லி அப்பளம், கரும்புச்சாறு எல்லாம் விலையோடு வந்தன. சட்டிக்கான கட்டத்தில் மட்டும் நாற்பதும் பூஜ்யம். மயிலாடும்பாறை விவசாயி ஒருவரின் கையில் இன்னும் சாம்பல் ஒட்டியிருந்தது.

"டீயும் வடையும், அம்பது ரூவா" என்றார்.

"சட்டி?"

"அது செலவா? ஏத்தா, ஆத்தாளுக்குச் செஞ்சதச் செலவுன்னு சொன்னா வாய் வெந்து போகும்."

"எனக்கு வாங்கித் தந்த வளையல எழுதிக்க. அத மட்டும் ஊரெல்லாம் சொல்லுவாரு" என்றார் அவர் மனைவி.

பிழை என் கேள்வியில் இருந்தது. நேர்த்திக்கடனை யாரும் செலவில் சேர்ப்பதில்லை. மீதிப் படிவங்களில் கேள்வியை அடித்துவிட்டு, "அம்மனுக்கு என்ன எடுத்தீர்கள், எங்கே வாங்கினீர்கள்?" என்று எழுதினேன். பகல் மூன்று மணிக்குள் இன்னும் நாற்பது பேர். முப்பத்தொரு பேர் சட்டி எடுத்திருந்தார்கள். அவர்களில் இருபத்தாறு பேர் வாங்கியது ஆற்றோரத்தில்.

4.30. முருகேசன் இரண்டு கட்டுகளையும் புரட்டினார். "இம்புட்டு ஓடுதா! அப்ப சட்டிக்கடை அங்கனயே கெடக்கட்டும். ஆனா கடைக்கு எட்டு நாள் வாடகை மூவாயிரம் பத்தாது." என் படிவத்தின் பின்பக்கத்திலேயே ஐயாயிரம் என்று எழுதினார்.

"சார், இது விற்பனைதான். மண், விறகு, வண்டி வாடகை போக என்ன மிஞ்சும் என்று நான் கேட்கவில்லை."

"அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கா?"

இல்லை.

5.15. நான் போவதற்குள் சேதி ஆற்றங்கரைக்குப் போய்விட்டிருந்தது. செல்வராணி எனக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். "எடத்தக் காப்பாத்திக் குடுத்திட்ட. இனி இங்கனயே உக்காந்து முருகேசனுக்குச் சம்பாதிச்சுக் குடுக்கணும்" என்று சிரித்தார்.

"சட்டி விலையை ஏற்றிவிடுங்களேன், அக்கா."

"சாமி சாமான்ல பேரம் பேசமாட்டாக தாயி. எரநூறுன்னாலும் பேசாம குடுத்துட்டுப் போவாக." சட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அதான் ஏத்த முடியாது."

6 மணிக்குத் தேனி பேருந்து. மதுரைப் பொருட்காட்சியில் வாடகை ஏறினால் அப்பளத்தின் விலையும் கூடவே ஏறும், கொடுப்பது வருகிறவர்கள். இங்கே அந்த இரண்டாயிரம் செல்வராணிக்கு மிஞ்சுவதிலிருந்துதான் போகும். அறிக்கையின் முதல் வரியாக அதை எழுதினேன். முருகேசன் முதல் வரியையாவது படிப்பார்.